புதுப்பித்து மீண்டும் வெளியிட்ட என் இணையத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய வடிவமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுவதற்காக 2009ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்தபடி நான் தொடங்கிய இத்தளம், அடியோடு மாற்றியமைக்கப்பட்டு இந்த ஆண்டு தைப்பொங்கலையொட்டி மீண்டும் வெளிவந்திருக்கிறது. அதன் பிறகு பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்களும், ஆசிரியர்களும், தங்கள் கடைக்கோ சங்கத்துக்கோ ஒரு தளம் அமைக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இயங்கிக்கொண்டிருந்த தளத்தை ஏன் மாற்ற வேண்டி வந்தது?

இயங்கிக்கொண்டிருந்தது என்பது என் வீட்டு மேசையில் இருந்த கணினியைப் பொறுத்தவரை மட்டுமே உண்மை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அங்கே உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை என் தளத்தின் கட்டுரை ஒன்றைத் தன் கைத்தொலைபேசியில் திறந்து காட்ட முயன்றார். தொழிலாளர் வீடுகளின் வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும் என்பதால் இருவரும் ஏறினோம். முதலில் வெள்ளைத் திரை வந்தது, பிறகு பட்டிப் பலகையின் (மெனு) ஒரு துண்டு வந்தது, அதற்குப் பிறகு எழுத்துகள் வந்து, படங்கள் ஏறியதும் கீழே தள்ளப்பட்டுப் பார்வையிலிருந்து மறைந்தன. அந்தப் பிள்ளை மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். அந்தப் பக்கம் மொத்தம் 3 மெகாபைட். அதில் நான் எழுதிய கட்டுரை 30 கிலோபைட்டைக்கூடத் தாண்டவில்லை. விநாடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் 3 மெகாபைட் வந்து சேர 24 விநாடி ஆகும், மேட்டின்மேல் அந்த வேகமும் கிடைப்பதில்லை. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதே காலத்தில் என் தளமே அவர்களுடைய ரீலோட் காசைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முந்தைய வடிவங்கள் எப்படி இருந்தன?

2009இல் வெளியான முதல் வடிவம் முழுவதும் அட்டவணைகளால் ஆனது. தோற்றத்தைத் தனியே எழுதுவதற்கான சி.எஸ்.எஸ். மொழியின் முதல் நியமம் 1996 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது என்றாலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவி அதைத் தன் மனம்போனபடி புரிந்துகொண்டதால், அட்டவணைக்குள் அட்டவணை வைத்து அடுக்குவதே பலருக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. எழுத்துக்குப் பாமினியைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் "தமிழ் தெரியவில்லையா? பாமினி எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவுங்கள்" என்று ஒரு பட அறிவிப்பு இருக்கும். நெட் கஃபே கணினிகளில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத வாசகர்கள் அந்த அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

2014இல் தளத்தை நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கும், எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி விளங்கும் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கும் மாறினேன். இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010 மே மாதத்தில் முன்வைத்த தகவமைப்பு வடிவமைப்பு, அதாவது ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறை, அதற்குள் பரவியிருந்தது. அப்படித் தகவமைத்துக்கொள்ளும் ஆயத்த வடிவம் ஒன்றை வாங்கி, அதிலிருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழைப் போட்டேன். வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடித்துவிட்ட கதைதான் அது. தலைப்புகள் இரண்டு வரிக்குப் பதில் ஐந்து வரிக்கு ஓடின, பொத்தானுக்குள் சொல் அடங்கவில்லை, மேல்வரியின் கொம்பும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒட்டுப் போட்டேன். எட்டு ஆண்டுகளில் ஒட்டுகள் மூலத்தைவிடப் பெரிதாகிவிட்டன.

புதிய வடிவமைப்பை எங்கிருந்து தொடங்கினீர்கள்?

வெள்ளைத்தாளில் பெட்டிகள் வரைந்து தொடங்கவில்லை, நிறத்திலிருந்தும் தொடங்கவில்லை. தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பந்தியை எடுத்து, எந்த அலங்காரமும் இல்லாமல், 360 பிக்சல் அகலமுள்ள கைத்தொலைபேசித் திரையில் இட்டு, அது வாசிக்க இதமாக அமையும் வரையில் வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த ஒரு பந்திக்கு மூன்று வாரம் பிடித்தது. தளத்தின் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறந்தன என்பதால் அந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் வேற்றுமை உருபும், துணைவினையும், இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை. அத்தகைய திரையில் ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்களே அடங்கும். "வடிவமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்ற சொல்லை என் சோதனைச் சொல்லாக வைத்துக்கொண்டேன். இது வரியை உடைத்துக்கொண்டு திரைக்கு வெளியே போகாமல் இருந்தால் மற்ற எதுவும் போகாது. இருபுறமும் சமமாக நேர்ப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழுகின்றன. ஆகவே இடப்புறம் மட்டும் நேர்ப்படுத்தி, வலப்புற விளிம்பை அதன் போக்கில் விட்டுவிட்டேன். நாளிதழ்ப் பத்தி போல இல்லையே என்று வருந்துகிறவர்கள் நாளிதழையே உற்றுப் பார்க்கலாம், அங்கும் அதே பள்ளங்கள் இருக்கின்றன.

வரி உயரம் அடுத்தது. ஆங்கிலப் பக்கங்களுக்கு எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு போதும் என்பார்கள். தமிழில் 'கீ', 'மூ', 'ஞ்' போன்றவை மேலும் கீழும் நீள்வதால் 1.7 மடங்கு வைத்த பிறகே வரிகள் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. சாய்வெழுத்தை முற்றாக நீக்கினேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியான சாய்வு வடிவம் கிடையாது, உலாவி நேர் எழுத்தையே பிடித்து இழுத்துச் சாய்க்கிறது, அது காற்றில் சாய்ந்த வேலி போல இருக்கிறது. அழுத்தம் தேவைப்படும் இடத்தில் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போதுமானது. எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விடும் வழக்கத்தையும் கைவிட்டேன். 'கொ' என்பதன் கொம்பும் காலும் தங்கள் மெய்யைவிட்டு விலகி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பட்டியில் இருந்த ஒன்பது தலைப்புகளை நான்காகக் குறைத்ததும் இதே காரணத்தால்தான். ஆங்கிலத்தில் ஓரிரு அசையில் முடியும் சொற்களுக்குத் தமிழில் எட்டு அல்லது பத்து எழுத்து தேவைப்படும்போது, மூன்று கோடுகள் போட்ட பொத்தானுக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒளித்துவைப்பதே வழக்கம். நான்கு சொற்களை மட்டும் வைத்து இரண்டு வரியாக அவற்றை வெளியிலேயே காட்டினால் ஒளித்துவைக்க வேண்டிய தேவையே எழாது என்று கண்டேன்.

எந்த எழுத்துருவைப் பயன்படுத்துகிறீர்கள்?

பந்திகளுக்கு வாசகரின் கருவியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவையே பயன்படுத்துகிறேன். அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் அது பெரும்பாலும் நோட்டோ குடும்பத்தைச் சேர்ந்தது, விண்டோஸில் நிர்மலா. இரண்டும் படிக்கத் தக்கவை, தரவிறக்கம் எதுவும் தேவையில்லை. தலைப்புகளுக்கு மட்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் முக்தா மலர் எழுத்துருவை, தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, இணைய எழுத்துருக்களுக்கான டபிள்யூ.ஓ.எஃப்.எஃப்.2 வடிவத்தில் சுருக்கி இணைத்திருக்கிறேன். அது வந்து சேரும்வரை தலைப்பு கருவியின் எழுத்துருவில் தெரியும், எழுத்து வரும்வரை வெற்றிடம் காட்டும் பழக்கம் இத்தளத்தில் இல்லை.

பழைய பாமினிக் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றியபோது என்ன சிக்கல்கள் வந்தன?

இலங்கையில் தமிழ்த் தட்டச்சுச் செய்த எவருக்கும் இது தெரிந்த கதை. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குவியல். மாற்றிகள் அதை நொடியில் யூனிகோடாக்கிவிடும், ஆனால் தட்டச்சுச் செய்தவரின் பழக்கத்தை அவை அறியா.

பழைய அச்சு மரபில் 'ர்' என்ற எழுத்து கீழ்க்கோடு இல்லாமல், கால் குறியின் (ா) மேல் புள்ளி வைத்தது போலவே இருக்கும். ஆகவே நானும் மற்றவர்களும் 'அவர்கள்' என்பதை அடிக்கும்போது ரகரத்துக்குப் பதிலாகக் காலை அடித்து அதன்மேல் புள்ளி வைத்தோம். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடிலோ காலும் ரகரமும் வெவ்வேறு குறியீடுகள். சில கருவிகளில் அந்த இடத்தில் புள்ளிகளாலான வட்டம் தோன்றும், பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் தடுமாறும், தேடினால் சொல் கிடைக்காது. நல்லவேளையாக, காலின்மேல் புள்ளியோ விசிறியோ (ி, ீ) வருவது தமிழில் எங்குமே சரியாகாது என்பதால், அவற்றைக் கண்ட இடமெல்லாம் 'ர்', 'ரி', 'ரீ' என்று மாற்றும்படி ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். என் 2014ஆம் ஆண்டு மாற்றத்தில் நான் இதைச் செய்யவே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக என் தளத்தில் ஆயிரக்கணக்கான பொய் ரகரங்கள் இருந்திருக்கின்றன.

ஔகாரம் இவ்வளவு எளிதாக மடங்கவில்லை. 'ஔவை' என்ற சொல்லில் முதல் எழுத்தை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து உண்டாக்கியிருப்பார்கள். அதைக் கண்மூடித்தனமாக மாற்றச் சொன்னால் 'ஒளி' என்ற சொல் 'ஔி' என்று கெட்டுப்போகும். 'கௌரவம்' சரியானால் 'கெளிறு' மீன் செத்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக அடுக்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கத்தைக் கோப்புகள் முழுவதிலும் ஓடவிட்ட பிறகுதான் தளத்தின் உள்தேடல் நம்பத்தக்கதாயிற்று.

பழைய கட்டுரைகளில் எவற்றை நீக்கினீர்கள்? ஏன்?

தளத்தில் 140 கட்டுரைகள் இருந்தன. 61 கட்டுரைகள் எழுத்துப் பிழை திருத்தத்தோடு அப்படியே இருக்கின்றன, 38 கட்டுரைகளைத் திரும்ப எழுதினேன், 41 கட்டுரைகளை நீக்கினேன். நீக்கியவற்றில் ஃபிளாஷ் பட்டி செய்வது எப்படி என்ற நான்கு பாகத் தொடரும் அடக்கம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. மிதக்கும் பெட்டிகளைக்கொண்டு மூன்று பத்தி அமைக்கும் தந்திரங்களைப் பற்றி நான் பெருமையோடு எழுதியவையும் போய்விட்டன. 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் அடுத்தடுத்துக் கட்டமைப்பு வலையான கிரிட் முறையை ஏற்றுக்கொண்ட பின்னர் அந்தத் தந்திரங்களை மாணவர்கள் கற்பது வீண்வேலை.

இவ்வளவை வெட்டுவதற்கு மனம் வந்ததா என்று ஒருவர் கேட்டார். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய வாரத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செடியெல்லாம் செத்துப்போனது போலவே இருக்கும். வெட்டுகிறவர் எதை விடவேண்டும் என்று தெரிந்துதான் வெட்டுகிறார். அட்டவணை வடிவமைப்பைப் பற்றிய ஒரே ஒரு கட்டுரையை, இன்று பின்பற்றக் கூடாது என்ற குறிப்போடு, வரலாற்றுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

பழைய முகவரிகள் இன்னும் வேலை செய்யுமா?

செய்யும். ஓர் ஆசிரியர் தன் மாணவர்களுக்குப் பிரதியெடுத்துக் கொடுத்த குறிப்பின் அடியில் என் கட்டுரையின் முகவரியைக் கையால் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தாளில் எழுதிய முகவரியை யாராலும் திருத்த முடியாது. ஆகவே இடம் மாறிய ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றம் வைத்திருக்கிறேன். பழையதைத் தட்டினால் புதியதற்குப் போய்விடும், தேடுபொறிகளும் புதிய இடத்தைக் குறித்துக்கொள்ளும். இத்தகைய திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது, நான் எடுக்கப்போவதே இல்லை.

நீக்கிய 41 கட்டுரைகளில் 29க்கு நெருங்கிய பொருளுள்ள வேறு கட்டுரை இருந்ததால் அங்கே அனுப்பினேன். எஞ்சிய 12க்கு அப்படி எதுவும் இல்லை. அவற்றை முகப்புக்கு அனுப்புவது வாசகரை ஏமாற்றுவதாகும் என்பதால், 'வேண்டுமென்றே நீக்கப்பட்டது' என்று பொருள்படும் 410 குறியீட்டையும் ஏன் நீக்கினேன் என்ற இரண்டு வரி விளக்கத்தையும் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்த் தளத்தின் முகவரிகள் ஏன் தமிழில் இல்லை?

நியாயமான கேள்வி, என் பதிலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. முகவரியின் கடைசிப் பகுதியாக வரக்கூடிய '.இலங்கை' என்ற தமிழ் மேல்நிலைப் பெயர் 2010 முதலே இருக்கிறது, உலாவியில் தமிழ் முகவரி அழகாகவே தெரிகிறது. சிக்கல் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் தொடங்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட் ஆகும். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். 'வடிவமைப்பு' என்ற சொல்லில் பத்துக் குறியீடுகள் இருப்பதால் அந்த ஒரு சொல்லே 90 எழுத்து நீளமுள்ள கிறுக்கலாக மாறிவிடும். அதைப் பெறுகிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிடுகிறார். தாளில் எழுதித்தரவும் முடியாது. அதனால் முகவரிகளைக் குறுகிய ஆங்கில எழுத்துகளில் வைத்து, தலைப்பு, விளக்கம், பகிரும்போது தோன்றும் அட்டை ஆகிய யாவற்றையும் தமிழில் வைத்திருக்கிறேன்.

வேர்ட்பிரஸ்ஸை ஏன் கைவிட்டீர்கள்?

வேர்ட்பிரஸ்மேல் எனக்குக் குறையில்லை, பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு இன்றும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒருவர் மட்டும் எழுதி, மாதத்துக்கு ஒரு கட்டுரை வெளியிடும் இடத்தில், ஒவ்வொரு வாசகர் வரும்போதும் தரவுத்தளத்தைத் தட்டியெழுப்பிப் பக்கத்தைச் சமைத்துக் கொடுப்பது தேவையற்ற உழைப்பு.

இதற்குப் பின்னால் 2022ஆம் ஆண்டின் அனுபவமும் இருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்த டாலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாங்கியிருந்த வழங்கி (சேர்வர்) இடத்துக்கான கட்டணத்தை என் வங்கி அட்டையால் செலுத்த முடியவில்லை. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமலிருந்த நிலையில் அந்த நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கை மடல்களையும் உரிய நேரத்தில் நான் பார்க்கவில்லை. தளம் நிறுத்தப்பட்டு, சில வாரங்களில் கோப்புகளும் அழிக்கப்பட்டன. என்னிடம் இருந்த காப்புப்பிரதி ஏழு மாதம் பழையது. இடைப்பட்ட கட்டுரைகளை இணைய ஆவணக்காப்பகமான வேபேக் மெஷினில் தேடி ஒவ்வொன்றாக எடுத்தேன், படங்களில் பாதி கிடைக்கவில்லை.

இப்போது கட்டுரைகள் வெறும் உரைக்கோப்புகளாக என் கணினியில் இருக்கின்றன. ஹியூகோ என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றை எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றித் தருகிறது, அந்தப் பக்கங்களை இலவச நிலைத்தள வழங்கி ஒன்றில் ஏற்றிவிடுகிறேன். நாளை அந்த வழங்கி மூடப்பட்டாலும் ஒரு மாலைப்பொழுதில் வேறிடத்துக்குப் போய்விடலாம். முழுத்தளமும் ஒரு பென் டிரைவில் அடங்குகிறது, அதன் பிரதி ஒன்று பதுளையில் இருக்கும் என் தங்கை வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது.

தளத்தில் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

ஒரு பக்கம் படங்களோடு சேர்த்து 150 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்ட வரம்புதான் காரணம். முகப்பில் முன்பு பரந்து கிடந்த பனிமூட்டத் தேயிலை மலைப் படம் அழகானது, ஆனால் இணைய வடிவமைப்பைப் பற்றி அது யாருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. (எங்கள் ஊர்க்காரருக்குப் பனிமூட்டம் ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.) பாடத்துக்குத் தேவையான திரைப்படிமங்கள் மட்டும் வெப்பி என்னும் சுருக்கப் பட வடிவத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் நிரலிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், படம் தாமதமாக வந்தாலும் உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவைக்கும், வாசித்துக்கொண்டிருக்கும் வரி கீழே ஓடாது. மேட்டின்மேல் அன்று நான் கண்ட குறைகளில் இதுவே மிகவும் உறுத்தியது.

நிறங்கள் முன்பைவிட அழுத்தமாக இருக்கின்றனவே?

முன்பிருந்த மெல்லிய சாம்பல் எழுத்து கணினித் திரையில் நாகரிகமாகத் தெரிந்தது, வெயிலில் மங்கிய கைத்தொலைபேசித் திரையில் காணாமல் போனது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. நான் வைத்திருந்த, 777777 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் வெள்ளைமேல் 4.48தான் தரும், மயிரிழையில் தோற்கும் நிறம் அது. இப்போதுள்ள எழுத்து ஏறத்தாழக் கறுப்பு. இணைப்புகளுக்கு நிறத்தோடு அடிக்கோடும் உண்டு.

சிக்னல் இல்லாத இடத்தில் படிக்க முடியுமா?

ஒருமுறை திறந்த கட்டுரையை மறுபடி இணைப்பு இல்லாமலும் திறக்கலாம். உலாவியின் பின்னணியில் இயங்கும் சிறு நிரல் ஒன்று திறந்த பக்கங்களைக் கருவியிலேயே சேமித்து வைக்கிறது. தொடக்கத்தில் நான் எழுதிய நிரல் சேமித்ததை விடாப்பிடியாகக் காட்டிக்கொண்டிருந்ததால், பிழை திருத்திய பின்னரும் சிலருக்குப் பழைய பக்கமே வந்தது. இப்போது இணைப்பு இருந்தால் முதலில் புதியதைக் கேட்கும், கிடைக்காவிட்டால் மட்டும் சேமித்ததைக் காட்டும்.

கட்டுரைகளை அச்சிட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. கொமியூனிகேஷன் கடைகளில் பக்கக் கணக்கில் காசு வாங்குவதால், அச்சிடும்போது பட்டி, அடிக்குறிப்பு, பின்னணி நிறம் ஆகியவை மறைந்து, எழுத்துச் சற்றுச் சிறுத்து, ஏ4 தாளில் நெருக்கமாக அமையும்படி தனி விதிகள் எழுதியிருக்கிறேன். முன்பு ஏழு தாள் எடுத்த கட்டுரை இப்போது மூன்று தாளில் முடிகிறது. நிரல் துண்டுகள் பக்கத்தின் நடுவே வெட்டுப்படாது.

வெளியிட்ட நாளில் தளம் சிலருக்குத் தெரியவில்லையே, என்ன நடந்தது?

பொங்கலன்றே வெளியிட வேண்டும் என்ற ஆசைதான் நடந்தது. தளத்தின் பெயரை அது இருக்கும் கணினியோடு இணைக்கும் பெயர்ச் சேவையகப் பதிவில் 'இந்த விவரத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம்' என்று ஒரு காலவரம்பு உண்டு. என்னுடையது 86,400 விநாடி, அதாவது ஒரு முழுநாள். இடம் மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புதிய இடத்துக்கு வந்திருப்பார்கள். இதை மற்றவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்குச் செய்துகொள்ள மறந்துவிட்டேன். ஆகவே பொங்கலன்று முழுவதும் சிலர் பழைய முகவரியில் வெறும் பிழைச்செய்தியைப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்த வாரம்தான் தெரிந்தது. சோதனைக் காலத்தில் தேடுபொறிகள் முடிவுகளில் காட்டவேண்டாம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி போட்டிருந்தேன். அதை நீக்காமலே வெளியிட்டுவிட்டேன். ஆறு நாள் கழித்து, கூகுளில் தேடினால் உங்கள் கட்டுரை வருவதில்லை என்று ஒரு மாணவர் எழுதிய பிறகே கவனித்தேன். பக்கங்கள் மீண்டும் தேடல் முடிவுகளில் வந்து சேர ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று.

பாடநூலில் ஒரு சொல்லும் தளத்தில் வேறு சொல்லும் இருப்பது ஏன்?

நான் இலங்கை வழக்கைப் பின்பற்றுகிறேன்: இணையத்தளம், தரவிறக்கம், கைத்தொலைபேசி. தமிழ்நாட்டு வாசகர்கள் இணையதளம், பதிவிறக்கம், கைபேசி என்று தேடுவார்கள் என்பதால் உள்தேடலில் இவற்றை இணைச்சொற்களாகக் கொடுத்திருக்கிறேன். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் இணையத்தள விருத்தி அலகைப் படிப்பவர்கள் பரீட்சையில் பாடநூலின் சொல்லையே எழுதுவது நல்லது.

சிங்களத்திலும் வெளிவருமா?

இப்போதைக்கு இல்லை. சிங்கள எழுத்தின் வரி உயரமும் வளைவும் வேறு. தமிழுக்காக அளந்த இந்த வடிவத்துக்குள் அதைப் போட்டால், 2014இல் தமிழுக்கு நான் செய்த அதே அநியாயத்தைச் சிங்களத்துக்குச் செய்தவனாவேன்.

விளம்பரம் உண்டா? வாசகர்களைக் கண்காணிக்கிறீர்களா?

இரண்டும் இல்லை. அவற்றுக்கான நிரல்கள் மட்டுமே பழைய பக்கத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்காக இருந்தன.

என் தளத்தையும் இப்படி மாற்ற விரும்புகிறேன். முதலில் எதைச் செய்வது?

இருக்கும் பக்கங்கள் அனைத்தையும் ஒரு விரிதாளில் பட்டியலிடுங்கள்: முகவரி, தலைப்பு, வைப்பதா, திருத்துவதா, நீக்குவதா. அலுப்பான வேலைதான், எனக்குப் பதினொரு மாலைகள் ஆயின. ஆனால் நிறத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுத்த பின்னர் இந்தப் பட்டியலுக்கு வருகிறவர்கள், அழகான வீட்டைக் கட்டிவிட்டுச் சாமான்கள் எத்தனை என்று எண்ணுகிறவர்கள். பட்டியல் முடிந்ததும் முழுக் காப்புப்பிரதி ஒன்று எடுத்து, அதை உண்மையிலேயே வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே பழைய கைத்தொலைபேசியை எடுத்து, சிக்னல் மோசமான இடத்துக்குப் போய், உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியோர் இடம் தேட அதிக தூரம் நடக்க வேண்டியிராது.

பிழை கண்டால் எப்படித் தெரிவிப்பது?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள 'பிழை சொல்க' என்ற இணைப்பைத் தட்டி, எந்தக் கருவி, எந்த உலாவி என்ற இரண்டு விவரங்களோடு, முடிந்தால் திரையைப் படமெடுத்தும் அனுப்புங்கள். குறிப்பாக ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் காலும், காலுக்குப் பக்கத்தில் புள்ளிவட்டமும் தெரிந்தால் உடனே எழுதுங்கள். சென்ற வாரமும் இரண்டு அகப்பட்டன, இரண்டும் நான் 2009இல் முதன்முதலாக எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தன.